நூற்க மறந்த குடுவை

1

"மூலக் குப்பியைத் திறங்க சார்."

இந்தக் கதை இந்த ஒரு வரியில் பிறந்தது. சொன்னவள் ஓர் ஆய்வு மாணவி; கேட்டவர் அவளுடைய ஆய்வு வழிகாட்டி. எனக்குத் தெரிந்தவள், அவ்வளவு போதும். கதை எழுதும் ஆசையில் நான் பேனாவை எடுக்கவில்லை, எரிச்சலில் எடுத்தேன். அவருடைய லேபில் சேருகிற எவருக்கும் முதல் நாளே சொல்லிவைப்பார்கள்: சாரிடம் லீவு கேள், புது நாற்காலி கேள், மூலக் குப்பியை மட்டும் கேட்காதே.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்:

"கண்ணாடிக் குடுவைகளின் மௌனத்தில் அவள் தன் தனிமையை..."

வேண்டாம். குடுவைகள் மௌனமாக இல்லை; ஷேக்கர் என்கிற ஆட்டும் மெஷின் மேல் ஏறிக் கடகடவென்று ஆடிக்கொண்டிருந்தன. அவளும் தனியாக இல்லை. பக்கத்து மேஜையில் மூத்த மாணவி, எல்லாருக்கும் அக்கா, ஓயாமல் பேசிக்கொண்டிருந்தாள். மறுபடியும்:

"நுண்ணுயிரிகளின் வளர்சிதை மாற்றம் என்பது..."

எனக்கே கொட்டாவி வருகிறது. நேராகவே சொல்கிறேன். ஒரு பாக்டீரியா. சர்க்கரையைத் தின்று நூல் நூற்கும். பஞ்சில் இருக்கும் அதே செல்லுலோஸ். நூல்கள் பின்னிக்கொண்டு பாலாடை மாதிரி நீர்மேல் மிதக்கும். அந்த ஏட்டைத் தீக்காயத்தின்மேல் போர்த்தலாம். சிக்கல் என்னவென்றால், பாதிச் சர்க்கரையை அது நூலாக்காமல் அமிலமாக்கிப் புளிக்கவைத்துவிடும். சார் அந்தப் புளிப்பு மரபணுவை வெட்டி எடுத்தார். அந்த வழி அடைபட்டதும் சர்க்கரை நூலின் பக்கம் திரும்பியது. கெட்டிக்காரர்தான், மறுக்கமாட்டேன். அப்படி வெட்டிய பாக்டீரியாவின் முதல் விதை மூலக் குப்பியில், ஃப்ரீசரில் உறைந்து கிடந்தது.

அவள் விதை விட்டு வளர்த்த தட்டுகளில் ஏடு வரவில்லை. கலங்கல் நீர்தான் வந்தது.

3

"உன் கை சுத்தமில்ல. எங்கேருந்தோ வேற கிருமிய உள்ள விட்டிருக்கே," என்றார் சார். "இன்னொரு தடவை இப்படி ஆச்சுன்னா பட்டத்த மறந்துடு."

அவள் வீட்டில் கல்லூரிப் படி ஏறிய முதல் ஆள் அவள். போனில் சொன்னதும் அம்மாவுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. "நீ பாத்திரம் தேய்ச்சா மூஞ்சி பாக்கலாம்டி. உன்னப் போயா சுத்தமில்லன்னான் அந்தாளு?"

அக்கா வேறு ரகம். "பேசாம மறுபடி போடு. மூலக் குப்பி பேச்ச மட்டும் எடுக்காத. உங்க சரக்கு சரியில்லன்னு அவர் மூஞ்சிக்கு நேரா சொல்ற மாதிரி அது."

"சரக்கு சரின்னா தெறக்க என்ன பயம்க்கா?"

"உனக்கு உன் வாய்தான்டி சத்துரு."

அவளுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. அந்த லேபில் விதைக்காக யாரும் ஃப்ரீசருக்குப் போவதில்லை. முன்னவர் ஆட்டிய குடுவையிலிருந்து ஒரு சொட்டு எடுத்து அடுத்தவர் குடுவையில் விடுவார்கள்; அதையும் ஆட்டுவார்கள். ஆட்டினால் சீக்கிரம் வளரும் என்பது சாரின் சட்டம். அசையாத தட்டில் நூல் நூற்பதால் ஆதாயம் உண்டு: ஏட்டோடு மேலே மிதந்து காற்றைப் பிடிக்கலாம். ஆடும் குடுவையில் காற்று எல்லாவற்றுக்கும் இலவசம். அங்கே மரபணு பழுதாகி நூற்க மறந்த பாக்டீரியா, மிச்சமாகும் சர்க்கரையைத் தின்று வேகமாகப் பெருகும். கைமாறிக் கைமாறிக் கடைசியில் குடுவை நிறைய அதுதான் இருக்கும். அவள் தட்டில் விட்ட சொட்டும் அப்படியொரு குடுவையிலிருந்துதான் வந்தது.

(உழைக்காதவன் கொழுப்பான் என்று இங்கே ஒரு வரி எழுதி அடித்துவிட்டேன். பாக்டீரியாவைச் சாக்கிட்டு மனுஷரைத் திட்டுவானேன்? திட்டவேண்டியவரை நேராகவே திட்டிக்கொள்ளலாம்.)

4

சாரை முதல் வரைவில் கொடுங்கோலனாக்கினேன். மேஜையைக் குத்தினார், கத்தினார். நடந்தது அதில்லை. அவள் அந்த முதல் வரியைச் சொன்னதும் எழுந்தார். பிறகு கையுறையை மாட்டிக்கொண்டு தானே ஃப்ரீசரைத் திறந்தார்.

"வா. குப்பியையும் பாப்போம், உன் திமிரையும் பாப்போம்."

குப்பியிலிருந்து ஒரு தட்டு, ஆட்டிய குடுவையிலிருந்து ஒரு தட்டு. இரண்டையும் அசைக்காமல் அருகருகே வைத்தார்கள். சில நாள் கழித்துப் பார்த்தால், குப்பித் தட்டில் வெள்ளை வெளேரென்று ஏடு. இடுக்கியால் தூக்கினாலும் கிழியவில்லை. குடுவைத் தட்டில் அதே கலங்கல். அக்கா இரண்டின் மரபணுவையும் சோதித்தாள். சார் வெட்டிய இடத்தின் தழும்பு இரண்டிலும் அப்படியே இருந்தது. வெளிக்கிருமி எதுவும் இல்லை. ஒரே வம்சம்; ஒன்று நூற்கிறது, ஒன்று மறந்துவிட்டது.

அவள் லேப் தரையில் சப்பென்று உட்கார்ந்தாள்.

"ஏய், அழறியா சிரிக்கிறியா?"

"தெரியலக்கா. பசிக்குது."

வயிற்றில் கிடந்த கல் இறங்கினால் அந்த இடம் காலியாகத்தானே இருக்கும்! இதை எழுதும்போது எனக்கும் மூச்சு சீராகிவிட்டது. இங்கேயே நிறுத்தியிருக்கலாம். சார் விடவில்லை.

5

"உன் மேல தப்பில்ல. பட்டம் வந்துடும். நிம்மதியா?"

"நிம்மதிதான் சார்."

"அப்ப இந்த ஆட்டுற விஷயத்த ஆய்வேட்டுல எழுதாத. குப்பியிலருந்து செஞ்சத மட்டும் எழுது."

"இதே மாதிரி கை சுத்தமில்லன்னு போன வருஷம் ஒருத்திய லேப விட்டே அனுப்பினீங்களே, அவ?"

சார் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அது முடிஞ்சு போன கதை. நீ எழுதினா நான் கையெழுத்து போடமாட்டேன்."

6

முடிவுகள்:

அ) சார் மனம் திருந்துகிறார். எழுதிப் பார்த்தேன். அவரே படித்தால் சிரிப்பார்.

ஆ) "அவள் தலைகுனிந்து, சரி சார் என்று..." குனியவில்லை. வலுக்கட்டாயமாகக் குனியவைக்க நான் யார்?

இ) முடிவை உங்கள் கையில் கொடுத்துவிடுவது. அப்படித்தான் நினைத்திருந்தேன். உங்களைக் கேட்பதற்குள் அவள் லேப் கோட்டைக் கழற்றி நாற்காலியில் போட்டுவிட்டாள்.

"எழுதுவேன் சார். கையெழுத்து உங்க இஷ்டம்."

"பேசிட்டிருக்கேன், எங்க போற?"

"அவ வீட்டுக்கு. அவ கை சுத்தம்னு யாராவது போயி சொல்லணும்ல?"

கையெழுத்து கிடைத்ததா என்று என்னைக் கேட்டுப் பயனில்லை. அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி இறங்கிக்கொண்டிருக்கிறாள், நான் இன்னும் மாடியிலேயே நிற்கிறேன்.