ஞாயிறு ஏழு மணிக் கைகள்

ஞாயிற்றுக்கிழமை மாலை ஏழு மணி அடித்துவிட்டால் மாமியார் யாருக்கும் மாமியார் இல்லை. கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு, டிவிக்கு முன்னால் முதல் பெஞ்சுப் பிள்ளை மாதிரி உட்கார்ந்துவிடுவாள். 'ஊர் ஊராய் ஒரு வாய்' ஆரம்பித்துவிடும். தலையில் தொப்பியும் தோளில் பையுமாக ஒரு பெண் வருவாள். இந்த வாரம் பாலைவனம் என்றால் அடுத்த வாரம் பனிமலை. போகிற ஊரிலெல்லாம் யார் வீட்டு அடுப்படிக்குள்ளாவது உரிமையோடு நுழைந்து, அந்த ஊர்ச் சமையலைத் தன் கையாலேயே சமைத்து, ஒரு வாய் போட்டுக்கொண்டு, கண்ணை மூடி 'ஆகா' என்பாள். மாமியார் அவளுக்கு ஊர்சுற்றி என்று செல்லப் பெயர் வைத்திருந்தாள்.

"பாரு, கத்தி ஓடுறதப் பாரு" என்பாள் மாமியார். "வெங்காயம் நறுக்குறாளா, சீட்டுக் கலைக்கிறாளான்னே தெரியல. நம்ம வீட்லயும் ஒருத்தி நறுக்குறா. ஒரு துண்டு அண்ணன், ஒரு துண்டு தம்பி, ஒரு துண்டு தாத்தா."

மேல்மாடி டீச்சர் சிரிப்பாள். டீச்சர் வீட்டு டிவியில் சத்தம் வரும், படம் வராது. அதனால் ஞாயிறு ஏழு மணிக்குக் கீழே இறங்கி வந்துவிடுவாள்.

மருமகள் அடுப்படி வாசலில் நின்றபடி இதையெல்லாம் கேட்டுக்கொண்டிருப்பாள். பதில் சொல்லமாட்டாள். சொல்லவும் முடியாது. ஏனென்றால் டிவியில் வெங்காயம் நறுக்கிக்கொண்டிருந்த அந்த இரண்டு கைகளும் அவளுடையவை.

இந்த உண்மை வீட்டில் அவள் கணவனுக்கு மட்டும்தான் தெரியும். அவன் லிஃப்ட் மெக்கானிக். அம்மா வாயைத் திறக்கும்போதெல்லாம் அவனுக்கு இருமல் வந்துவிடும்.

"ஏண்டா, ஞாயித்துக்கிழமை ஆனா மட்டும் உனக்கு எங்கிருந்துடா இருமல் வருது?"

"லிஃப்ட் குழியில தூசிம்மா."

நடந்தது இதுதான். மருமகள் டிவி கம்பெனி கேன்டீனில் காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். ஊர்சுற்றிக்கு முகம் உண்டு, சிரிப்பு உண்டு, எந்த ஊர்க்காரரோடும் ஐந்து நிமிஷத்தில் ஒட்டிக்கொள்கிற பேச்சு உண்டு. கத்தி பிடிக்க மட்டும் வராது. முதல் ஊரில் அவள் ஒரு தக்காளியை நறுக்கப் போக, தக்காளி மேஜைக்கு அடியில் போனது, கத்தி இயக்குநரின் செருப்பில் போய்க் குத்தி நின்றது. ஊர் திரும்பிய இயக்குநர் டீ குடிக்கக் கேன்டீனுக்கு வந்தார். மருமகள் முட்டைக்கோஸ் நறுக்குவதைப் பார்த்தார். டீ ஆறிப்போனது.

அன்றிலிருந்து முகம் அங்கே, கை இங்கே. ஊர்சுற்றி போடுகிற சட்டைகளின் கைப்பகுதி மட்டும் தனியாகத் தைத்துக் கூரியரில் வரும். ஊர்சுற்றிக்கு இருப்பது போலவே மேக்கப்காரர் மருமகளின் வலது மணிக்கட்டில் பென்சிலால் ஒரு மச்சம் வைப்பார். குளிர்ப் பிரதேசம் என்றால் முழங்கையில் ஐஸ் கட்டியை வைத்து மயிர்க்கூச்செறிய வைப்பார்கள். ஸ்டுடியோவில் அவளுக்குப் பெயரே கையம்மா. பஸ்ஸின் கடைசி நிறுத்தத்தைத் தாண்டி ஒரு நாளும் போகாதவள், இருபத்தாறு நாட்டுக் காய்களைத் தொட்டுவிட்டாள். சிலவற்றுக்குப் பெயர் தெரியாது. ஆனால் எந்தக் காய் கத்திக்கு எப்படி வழிவிடும் என்று அவள் விரலுக்குத் தெரியும். பள்ளிக்கூடத்தில் அவள் தலையில் உட்காராத பூகோளம் இந்த மேஜையில் உட்கார்ந்தது. இந்த வேலை போனால் அவள் மறுபடி கேன்டீனுக்குப் போவாள். அங்கே வருவது ஒரே ஊர் வெங்காயம்.

வேலை போக ஒரு வழிதான் உண்டு. கையெழுத்துப் போட்ட தாளில் அது தெளிவாக எழுதியிருந்தது. கை யாருடையது என்று வெளியே தெரிந்தால் அன்றோடு சரி. சாட்சிக் கையெழுத்தைக் கணவன் போட்டான். மாமியாரிடம் சொல்வதைப் பற்றி இருவரும் யோசிக்கவேயில்லை. மாமியாரின் வாய் ஓட்டைப் பானை. காலையில் அதில் ஒரு சேதியை ஊற்றினால் மத்தியானத்துக்குள் மூன்று மாடியும் நனைந்துவிடும்.

அந்தப் புதன்கிழமை மாலை மருமகள் வீட்டில் உருளைக்கிழங்கு நறுக்கிக்கொண்டிருந்தாள். மாமியார் பின்னால் வந்து நின்றாள்.

"மணிக்கட்ட ஆட்டாத. ஊர்சுற்றி ஆட்டுறாளா? கத்தி முனை பலகைய விட்டு எழும்பக் கூடாது. போன வாரம் பாத்தியா இல்லியா?"

"பாத்தேன் அத்தை."

"எங்க பாத்த? அவ கை எப்படி இருந்துச்சு, சொல்லு பாப்போம்."

கேமராவும் விளக்கும் எட்டுப் பேரும் சுற்றி நிற்கும்போது நடுங்காத கை, மாமியாரின் மூச்சு தோளில் பட்டதும் நடுங்கியது. கத்தி வழுக்கியது. இடது ஆள்காட்டி விரலில் ரத்தம் வந்துவிட்டது.

மாமியாருக்கு வாய் எவ்வளவு நீளமோ மனசும் அவ்வளவு இளகல். ஓடிப் போய்த் தன் பழைய நைட்டித் துணியில் ஒரு கிழிசலைக் கொண்டு வந்தாள். கத்திரிப்பூ நிறத்தில் மஞ்சள் புள்ளி போட்ட நைட்டி அது. பத்து வருஷம் உழைத்து, கிழிந்த பிறகும் ஓய்வு கிடைக்காத நைட்டி. அந்த வீட்டில் ஒழுகும் குழாயில் அது இருக்கும், ஆடும் ஜன்னல் கம்பியில் இருக்கும், மாமியாரின் கண்ணாடிக் காலைக் கட்டியிருப்பதும் அதுதான். எதைக் கட்டினாலும் இரண்டு நுனியும் முயல் காது மாதிரி நிமிர்ந்து நிற்க ஒரு முடிச்சுப் போடுவாள். அந்த முடிச்சு வேறு யாருக்கும் வராது.

விரலில் முயல் காது வைத்துவிட்டு, "ஊர்சுற்றி என்னைக்காவது விரல வெட்டிருக்காளா?" என்றாள்.

"இதுவரைக்கும் இல்ல அத்தை" என்றாள் மருமகள்.

வியாழக்கிழமை காலை ஸ்டுடியோவில் ஒரு மீன் காத்திருந்தது. ஊர்சுற்றி அப்போது ஒரு பனி நாட்டில் இருந்தாள். அந்த நாட்டு மீனை ஐஸ் பெட்டியில் வைத்து விமானத்தில் அனுப்பியிருந்தார்கள். ஒரே ஒரு மீன். கை நீளம் இருந்தது. வகுப்பில் தூங்கி மாட்டிக்கொண்டவன் மாதிரி முழித்தது. நிகழ்ச்சி வருகிற ஞாயிறே டிவியில் போக வேண்டும். ஆகவே மீனை வெட்டும் கையை இன்று இங்கே எடுப்பது, சிரிக்கும் முகத்தை நாளை அங்கே எடுப்பது என்று ஏற்பாடு.

"கையம்மா, மீன் இளகுது. சீக்கிரம் வாங்க" என்றார் இயக்குநர்.

மேக்கப்காரர் வலது கையில் மச்சம் வைத்துக்கொண்டிருந்தார். அது முடிந்ததும் இடது விரல் கட்டை அவிழ்த்து, தோல் நிறப் பட்டை ஒட்டிக்கொள்ளலாம் என்று மருமகள் நினைத்திருந்தாள். அதற்குள் விளக்கு எரிந்தது. கையில் கத்தியைக் கொடுத்தார்கள். கத்தி கைக்கு வந்தால் அவளுக்கு வேறு எதுவும் ஞாபகம் இருக்காது. இப்படிப்பட்டதையெல்லாம் பார்த்துச் சொல்வதற்கென்றே இருந்த உதவி இயக்குநர் பெண், கேட்டில் கூரியர்காரரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். "வெறும் கை மட்டும் வந்திருக்கே, மிச்ச சட்டை எங்கன்னு பின்னாடி எங்கிட்ட கேக்கக் கூடாது" என்று அவர் எழுதித் தரச் சொன்னார்.

தலையிலிருந்து வால் வரை கத்தி ஒரே இழுப்பில் போனது. முள் தனியாக, சதை தனியாக வந்தது. எல்லோரும் கை தட்டினார்கள். அப்போதுதான் உதவி இயக்குநர் பெண் உள்ளே வந்தாள்.

"அக்கா, விரல்ல என்ன முயல் குட்டி?"

எல்லோரும் பார்த்தார்கள். கத்திரிப்பூ நிறம், மஞ்சள் புள்ளி, இரண்டு காது. கேமராக்காரர், "நான் கத்திய மட்டும்தான் சார் பாத்தேன்" என்றார்.

இயக்குநர் நாற்காலியில் உட்கார்ந்தார். "இன்னொரு மீன்?"

"இன்னொரு மீனுக்கு அந்தக் கடலுக்குத்தான் சார் போகணும்."

இயக்குநர் கொஞ்ச நேரம் மீனைப் பார்த்தார். மீனும் அவரைப் பார்த்தது. "சரி, கைய ஃபோட்டோ எடுத்து அங்க அனுப்புங்க. நாளைக்கு அங்க அந்தம்மா விரல்லயும் இதே மாதிரி ஒரு கட்டுக் கட்டச் சொல்லுங்க. விரல வெட்டிக்கிட்டாங்கன்னு ஜனங்க நெனச்சுக்கட்டும், பாவம்னு ரெண்டு பேர் கூடப் பாப்பாங்க."

"இந்தத் துணிக்கு அங்க எங்க சார் போவாங்க?"

"ஏதாவது துணியில புள்ளி வைக்கச் சொல்லும்மா. உலகம் பூரா சுத்துறாங்க, ஒரு புள்ளி வைக்கத் தெரியாதா?"

மருமகளுக்குக் கவலை வேறு. உலகத்தில் எத்தனையோ லட்சம் பேர் பார்க்கட்டும், ஒருத்தி பார்க்காமல் இருந்தால் போதும். அந்த ஒருத்தி ஒரு ஞாயிறும் தவறவிட்டதில்லை.

ஞாயிறு ஆறே முக்காலுக்குக் கணவன் டிவிக்குப் பின்னால் குனிந்து ஒயரைப் பிடுங்கினான். "கேபிள் போயிடுச்சும்மா. இன்னைக்கு அவ்வளவுதான்."

மாமியார் எழுந்து போய் ஒயரை எடுத்துத் திரும்பச் சொருகினாள். "பெரிய பெரிய லிஃப்ட்டெல்லாம் பாக்குறானாம். இந்த ஒயர் கழண்டு கெடந்தது தெரியல."

டீச்சர் வந்தாள். ஏழு மணி ஆனது. பனி நாடு வந்தது. ஊர்சுற்றி கம்பளித் தொப்பியோடு ஒரு மீனவர் வீட்டு அடுப்படிக்குள் நுழைந்தாள். விரலில் கத்திரிப்பூக் கட்டு.

"பாவம், ஊர்சுற்றிக்கு அடிபட்டிருக்கு" என்றாள் டீச்சர்.

"ஓயாம சமைச்சா படாதா?" என்றாள் மாமியார். "கைன்னு இருந்தா காயமும் இருக்கத்தான் செய்யும்."

மருமகளின் விரலுக்கு இந்த நியாயம் கிடைக்கவில்லை. கணவனுக்கு இருமல் வந்தது.

திரையில் மீனும் கையும் மட்டும் வந்தன. கத்தி போனது. முயல் காது இரண்டும் நிமிர்ந்து நின்றன. மாமியார் பேச வாயெடுத்தாள், பேசவில்லை. ஊர்சுற்றியின் முகம் வந்தது. இப்போது கட்டுக்குக் காது இல்லை. புள்ளிகள் பேனா மையில் வைத்தது போல ஊறியிருந்தன. மறுபடி கை வந்தது. காதும் வந்தது.

மாமியார் எழுந்து போய் டிவிக்கு ஒரு சாண் தள்ளி நின்றாள். கண்ணாடியைக் கழற்றினாள். அதன் காலில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். திரையில் இருந்த முடிச்சைப் பார்த்தாள். பிறகு மெதுவாகத் திரும்பி அடுப்படி வாசலைப் பார்த்தாள். மருமகள் இடது கையை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டாள். ஒளிக்காமல் இருந்திருந்தாலாவது கொஞ்சம் சந்தேகம் மிஞ்சியிருக்கும்.

"ஏங்க, இந்தத் துணிய நான் எங்கயோ பாத்திருக்கேனே" என்றாள் டீச்சர். "உங்க கொடியில காஞ்ச நைட்டி மாதிரி இல்ல?"

மருமகளுக்கு இருபத்தாறு நாடும் ஒரே நேரத்தில் காலடியிலிருந்து நழுவியது.

மாமியார் திரும்பி வந்து உட்கார்ந்தாள். "ஏன் டீச்சர், உலகத்துக்கே என் ஒருத்திக்குத்தான் நைட்டி தெச்சாங்களா?" என்றாள். அதற்கப்புறம் நிகழ்ச்சி முடியும்வரை ஒரு வார்த்தை பேசவில்லை. அந்த வீட்டில் ஊர்சுற்றி சொன்னது முழுவதும் தெளிவாகக் கேட்டது அன்றுதான்.

டீச்சர் போனதும் மாமியார் அடுப்படிக்குள் வந்தாள்.

"எத்தன நாளா?"

"முதல் ஊரத் தவிர எல்லா ஊரும், அத்தை."

"அந்த மலையில கை சிலிர்த்திருந்துச்சே?"

"ஐஸ் கட்டி வெப்பாங்க."

"அவனுக்குத் தெரியுமா?"

கூடத்தில் இருமல் கேட்டது.

"வெளிய தெரிஞ்சா வேலை போயிடும் அத்தை" என்றாள் மருமகள்.

மாமியார் தலையில் கை வைத்துக்கொண்டு ஸ்டூலில் உட்கார்ந்தாள். "என் வாயப் பத்தி உனக்குத் தெரியும்ல? தெரிஞ்சும் இத எங்கிட்ட ஏன் சொன்ன?"

"நான் சொல்லல அத்தை. நீங்களே கண்டுபிடிச்சீங்க."

"கண்டுபிடிக்கிற மாதிரி ஏன் நடந்துக்கிட்ட?" என்று கேட்டாள். பிறகு மருமகளின் இடது கையை இழுத்துப் பட்டையைப் பிரித்துப் பார்த்தாள். காயம் ஆறிக்கொண்டிருந்தது. "நல்லா ஆறுறவரைக்கும் பாத்திரம் கழுவாத" என்றாள்.

அந்த வாரம் மாமியார் பட்ட பாடு யாரும் பட்டிருக்கமாட்டார்கள். மாடிப்படியில் யாரைப் பார்த்தாலும் ஏதோ விழுங்கியவள் மாதிரி வேகமாக இறங்கிப் போனாள். பால் வாங்கப் போனவள், பால்காரர் "என்னம்மா விசேஷம்?" என்று கேட்டதும் பால் வாங்காமலே திரும்பி வந்துவிட்டாள். இது ஞாயிறு வரை தாங்காது என்று கணவன் சொன்னான். மருமகளும் அப்படித்தான் நினைத்தாள்.

ஞாயிறு வந்தது. ஊர்சுற்றி ஏதோ ஒரு தீவில் பூசணிக்காயோடு நின்றாள். கை வந்தது. பூசணி, புத்தகம் புரட்டுகிற மாதிரி விரிந்தது. மாமியார் பேசுவாள் என்று டீச்சர் காத்திருந்தாள். பேசவில்லை. விட்ட இடத்தை நாமாவது நிரப்புவோம் என்று நினைத்தாளோ என்னவோ, டீச்சரே ஆரம்பித்தாள்.

"கைன்னா இதான் கை. உங்க மருமகளும் இருக்காளே. நீங்க சொல்வீங்களே, அண்ணன், தம்பி, தாத்தா."

மாமியாரின் முகம் சிவந்தது. முதுகு நிமிர்ந்தது. வாய் திறந்தது. கணவனுக்கு இருமக்கூட மறந்துபோனது. அடுப்படியில் கேரட் நறுக்கிக்கொண்டிருந்த மருமகள் தட்டோடு ஓடி வந்து மாமியாருக்கு முன்னால் நீட்டினாள்.

மாமியார் தட்டைப் பார்த்தாள். ஒரு பிடி கேரட்டை அள்ளி, திறந்த வாயில் போட்டுக்கொண்டாள். கன்னம் இரண்டும் உப்ப மென்றாள். டீச்சரை முறைத்துக்கொண்டே மென்றாள். விழுங்கி முடித்து மறுபடி வாய் திறந்தபோது இன்னொரு பிடி போட்டுக்கொண்டாள். தட்டில் மிஞ்சியிருந்த துண்டுகள் ஒன்றுக்கொன்று இரட்டைப் பிள்ளைகள் மாதிரி கிடந்தன. மாமியார் அந்தத் தட்டை டீச்சரின் மடியில் வைத்து, விரலால் தட்டிக் காட்டினாள். பாரு என்றோ, தின்னு என்றோ டீச்சர் எப்படி வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம்.

டீச்சர் ஒரு துண்டை எடுத்துப் பார்த்தாள். இன்னொன்றை எடுத்து அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தாள். "பரவால்லையே, தேறிட்டாளே" என்றாள்.

திரையில் ஊர்சுற்றி கண்ணை மூடி 'ஆகா' என்றாள்.

இப்போதெல்லாம் ஞாயிற்றுக்கிழமை ஆறரைக்கே மருமகள் பலகையை எடுத்துவிடுகிறாள். மாமியார் பக்கத்தில் வந்து நின்றாலும் கை நடுங்குவதில்லை. ஒரு மணி நேர நிகழ்ச்சிக்குக் கால் கிலோ கேரட் என்பது கணவனின் கணக்கு. போன வாரம் டீச்சர் தன் தங்கையையும் கூட்டிக்கொண்டு வந்தாள். தங்கை திரையைப் பார்த்து, "இந்தக் கைக்காரி எந்த ஊரோ" என்றாள். வாய் நிறைய கேரட்டோடு மாமியார் அடுப்படிப் பக்கம் கையை நீட்டினாள்.

கணவன் அரண்டுபோனான். மருமகள் மட்டும் அரளவில்லை. நீட்டிய கையில் காலித் தட்டு இருந்தது.