சமர்த்தாக அடங்கிய செல்கள்

திரையில் இருந்த எண்களை அவள் மூன்றாம் முறையாகப் பார்த்தாள். மருந்து கொடுத்த செல்கள் அடங்கியிருந்தன. சரி. மருந்தே கொடுக்காத செல்களும் சமர்த்தாக அடங்கியிருந்தன. அங்கேதான் இடித்தது.

வீக்கம் கண்ட குடலில் அமிலம் ஏறும். நோய் எதிர்ப்புச் செல்களின் மேலுள்ள ஓர் ஏற்பி அதை மோப்பம் பிடிக்கும். பிடித்துவிட்டுச் சும்மா இருக்குமா? ஊரைக் கூட்டும், புண் ஆறவே ஆறாது. அந்த ஏற்பியை அடைத்துவிட்டால் வீக்கம் வடியும் என்று மூன்று வருடமாக அவள் ஒற்றைக்காலில் நிற்கிறாள். தம்பிக்கே குடல்புண் வந்த பிறகு அது வெறும் ஆராய்ச்சியாக இல்லை. இப்போது மருந்தில்லாமலே செல்கள் அடங்கினால், மருந்து ஒன்றும் கிழிக்கவில்லை என்றுதானே அர்த்தம்?

ஆஸ்பத்திரியிலிருந்து தம்பி போன் செய்தான்.

"என்னக்கா, உன் செல்லுங்க எப்படி இருக்கு?"

"எல்லாம் ஒழுங்கா இருக்குடா. அதான் பிரச்சனை."

"ஒழுங்கா இருந்தாலும் அழுற ஆளு நீ ஒருத்திதான்." அவன் சிரிப்பு பாதியில் நின்றது. வயிற்றைப் பிடித்துக்கொண்டிருப்பான்.

மிச்சத் தட்டுகளைக் கொட்டிவிடலாம் என்று செல் வளர்க்கும் பெட்டியான இன்குபேட்டரைத் திறந்தாள். அமிலம் குறைந்தால் நிறம் மாறிக் காட்டும் சாயம் அளவைக் குழப்பும் என்பதால் அவளுடைய திரவத்துக்கு நிறமே கிடையாது. ஆனால் மேலடுக்கில் இருந்த, கூட வேலை செய்யும் தோழியின் குடுவை, செம்மையாக இருக்க வேண்டியது, கத்தரிப்பூ நிறத்தில் இருந்தது.

"ஐயோ, கேஸ் தீந்துபோச்சுடி!" ஓடிவந்த தோழி தலையில் கை வைத்தாள். "இந்த வாரம் சிலிண்டர் பாக்குற முறை யாரு?"

சுவர்ப் பட்டியலில் இருந்தது அவளுடைய பெயர்தான். மூன்று நாளாகத் தம்பியின் கட்டிலருகே இருந்ததில் அடியோடு மறந்துபோயிருந்தாள். பெட்டியின் எச்சரிக்கை மணியோ ஊமையாகி ஒரு வருடம்.

சிலிண்டரிலிருந்து வரும் கரியமில வாயு கரைந்துதான் திரவத்தில் அமிலம் ஏறும்; வாயு தீர்ந்ததும் அது போய்விட்டது. அமிலமே இல்லாவிட்டால் ஏற்பி எதை மோப்பம் பிடிக்கும்? செல்கள் தூங்கத்தான் செய்யும். மருந்தின் மேல் பழி இல்லை. அவளுக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

"என் செல்லுங்கள வாடவெச்சுட்டு சிரிக்கிறியா?"

"நானே புதுசா வளர்த்துத் தரேன்டி. சத்தியமா."

புது சிலிண்டரை மாட்டித் திருகியதும் உஸ்ஸென்று சத்தம் வந்தது. தம்பியைக் கூப்பிட்டாள்.

"மறுபடி முதல்லேருந்து செய்யணும்டா. இந்த தடவை பாரு, மருந்து குடுக்காததுங்க என்ன ஆட்டம் ஆடப்போகுதுன்னு!"

"அதுக்கா இவ்வளவு சந்தோஷம்?"

போனைக் காதில் வைத்தபடியே பெட்டியின் கண்ணாடிக் கதவின் முன் குந்தினாள். குடுவையின் ஊதா மெல்ல வெளிறி, ஓரத்தில் லேசாகச் செம்மை ஏறத் தொடங்கியிருந்தது.