எஞ்சின் இல்லாமல் ஓடிய வேன்

வேதமாணிக்கத்தின் வேனுக்குள் எஞ்சின் இல்லை என்பது 1998 ஆடி மாதம்தான் தெரியவந்தது. அதற்கு முன் அது அப்படியே இருபத்து மூன்று வருடம் ஓடியிருந்தது. பஸ் எட்டிப்பார்க்காத கீழக்கரட்டூரிலிருந்து கோவில்பட்டி தீப்பெட்டி ஆபீசுக்குப் பெண்களை விடியலில் ஏற்றிப்போய்ப் பொழுது சாயக் கொண்டுவந்து இறக்கும். உலகச் சண்டைக் காலத்து ராணுவ வண்டி. அவன் அப்பா ஏலத்தில் எடுத்துச் சாத்தூரில் பாடி கட்டி வேனாக்கியிருந்தார். ஒருநாளும் வழியில் நின்றதில்லை என்பதால் பானெட்டை யாரும் திறந்ததில்லை. அதன்மேல் பெண்கள் குங்குமம் வைப்பார்கள், அவன் மனைவி மதலேனம்மாள் சிலுவை போடுவாள். அவன் டீசல் ஊற்றிக்கொண்டுதான் இருந்தான். அது எங்கே போனது என்று கேட்க யாருக்கும் தோன்றவில்லை.

பானெட்டைத் திறக்க வைத்தது அரசாங்கம். பழைய வண்டிகளையும் மாற்றிக் கட்டிய வண்டிகளையும் தனித்தனியாகப் பதிய ஒரு மசோதா வருகிறது, பதியாத வண்டி உடைப்புக்குப் போகும் என்று பேச்சு. வேதமாணிக்கம் வேனை ஓட்டிக்கொண்டு பதிவு அலுவலகத்துக்குப் போனான். ஆய்வாளர் பானெட்டைத் தூக்கினார். உள்ளே ஒரு மைனாக் கூடு இருந்தது.

"அண்ணாச்சி, எஞ்சின் எங்க?"

"அங்கனதான் இருக்கும்."

"பெறவு எப்படி வந்தீய?"

"ஓட்டிட்டுத்தான் வந்தேன்."

எஞ்சின் கிணற்றடிக் கொட்டகையில் இருந்தது. எழுபத்தைந்து வறட்சியில் பருத்தி கருகியபோது, அப்பா வெளியூர் ஆளை வைத்து அதைக் கழற்றித் தண்ணீர் இறைக்க மாட்டியிருக்கிறார். மறுநாளே, அதை யாரிடமும் சொல்லாமல் இறந்துபோனார். காரியம் முடிந்த காலையில் மகன் ஏறி உட்கார்ந்தான், வண்டி வழக்கம்போலக் கிளம்பியது. கிணற்றுக்குக் கரண்ட் மோட்டார் வந்த பிறகு அந்தப் பழைய இரும்பை யாரும் திரும்பிப் பார்க்கவில்லை.

அதன்பின் ஒரு வருடத்துக்கு மேல் அவன் அலுவலகத்துக்கு நடையாய் நடந்தான். பாடி மாற்றியதால் பழைய வண்டியில் சேராது என்றார்கள். மாற்றிக் கட்டியதில் சேர்க்க எஞ்சின் நம்பர் வேண்டும் என்றார்கள். எஞ்சின் இல்லாததால் மோட்டார் வண்டியே இல்லை. மாட்டுவண்டி என்று எழுதலாம், ஆனால் மாட்டைக் காட்ட வேண்டும். ஒவ்வொரு தடவையும் மசோதாவில் ஏதாவது மாறியிருந்தது. அவன் கேட்டுக்கொண்டு நின்றுவிட்டு, ஒரு வார்த்தை சொல்லாமல் திரும்புவான். "வாயில என்ன கொழுக்கட்டையா வச்சிருக்கீய? ஓடுதுல்லான்னு கேக்க வேண்டியதுதான!" என்று மதலேனம்மாள் கத்துவாள். ஓடுவதை அவர்கள் ஜன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

கடைசியில் மெக்கானிக் அழகிரிசாமியைக் கூப்பிட்டு அந்த எஞ்சினையே துடைத்துப் பழைய இடத்தில் பூட்டினான். எஞ்சின் உறுமியது, புகை கக்கியது. வேன் அசையவில்லை. நான்கு ஜோடி மாடு கட்டி இழுத்தும் சக்கரம் உருளவில்லை. "எஞ்சின் நல்லாத்தான் ஓடுது, வண்டிதான் ஓடமாட்டேங்கு" என்று அழகிரிசாமி கையைத் துடைத்துக்கொண்டு போய்விட்டான். ஆய்வாளர் ஊருக்கே வந்து நம்பரைப் படித்தார், முகம் மலர்ந்து சான்று கொடுத்தார். ஓடணும்னு மசோதாவில் இல்லை என்றார்.

ஐப்பசி மழையில் கரிசல் குழைந்து கிடந்தது. பெண்கள் முழங்கால் சேற்றில் நடந்து, மதியம் போய்ச் சேர்ந்தார்கள். ஒரு வாரத்துக்குள் நேரத்துக்கு வராவிட்டால் வேறு ஊரில் ஆள் எடுத்துக்கொள்கிறோம் என்று தீப்பெட்டி ஆபீசில் கெடு வைத்தார்கள். நடந்துபோன பெண்களில் ஒருத்தியான வெயிலம்மாள் வேனுக்கு முன்னால் வந்து நின்றாள்.

"ஏண்ணே, சான்று மேல ஏறி உக்காந்தா கோயில்பட்டி போயிருமா?"

மற்ற பெண்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை. வேதமாணிக்கம் அந்தச் சேற்றுக் கால்களைப் பார்த்தான். பிறகு ஸ்பேனரை எடுத்தான். எஞ்சினைக் கழற்றி இறக்கியதும் வேன், யாரும் ஏறுவதற்கு முன்பே, ஒரு முழம் முன்னால் நகர்ந்தது.

வண்டியில் எஞ்சின் இருக்க வேண்டும் என்றுதான் மசோதாவில் இருந்தது. எங்கே என்று இல்லை. அவன் அதைக் கடைசி சீட்டில் ஏற்றிக் கயிற்றால் கட்டினான். மசோதா பிறகு என்ன ஆனது என்று யாரும் சொல்லவில்லை. மழையில் லாரிகள் அச்சுவரை புதைந்து கிடக்கிற பாதையில் வேன் போய்வந்தது. போலீஸ்காரர்கள் மறித்தால் பின்பக்கம் போய் எஞ்சின் நம்பரைச் சரிபார்த்து, "சரி, போங்க" என்பார்கள். எண்ணெய் சேலையில் ஒட்டுகிறது என்று வெயிலம்மாள் மட்டும் கொஞ்சநாள் முனகினாள். எஞ்சின்மேல் ஒரு சாக்கைப் போட்டுக்கொடுத்ததும் அவளும் அதன்மேலேயே உட்கார்ந்து வரலானாள்.