முதல் பாதி

வெல்டிங் பட்டறையில் டீ குடிக்கும்போதுதான் அந்த வீடியோ வந்தது. முகக்கவசம் போட்ட ஒரு நர்ஸ், ஒருவருக்குக் குத்திய ஊசியைப் பக்கத்துக் கட்டிலில் இருப்பவருக்கும் குத்துகிறாள். எனக்கு ரத்தம் கொதித்தது. "இவ கையை ஒடிச்சாத்தான் மத்தவளுக்குப் புத்தி வரும்" என்று மேலே எழுதி ஒன்பது குரூப்களுக்குத் தட்டிவிட்டேன். சாயங்காலத்துக்குள் இருநூறு பேர் அதற்குப் பெருவிரல் உயர்த்தியிருந்தார்கள். நான் சொன்ன எதையும் அதுவரை வீட்டில்கூட யாரும் காதில் போட்டுக்கொண்டதில்லை.

மறுநாள் மதியம் தங்கச்சி ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடந்தாள். வலது கையில் மாவுக்கட்டு.

அவளும் நர்ஸ்தான். புதிதாகச் சேருகிறவர்களுக்கு அவள் பாடம் எடுப்பதே எனக்கு அன்றுதான் தெரிந்தது.

"எப்பவும் முதல்ல தப்பா செஞ்சு காட்டுவேண்ணே, அப்புறம் சரியா. அந்த வீடியோவுல படுத்திருந்தது ரெண்டு பேரும் எங்க ஆளுங்கதான். ஊசியில முனையே கிடையாது. முதல் பாதிய மட்டும் எவனோ வெட்டியெடுத்து நெட்டுல போட்டுட்டான்."

நான் ஸ்டூலை இழுத்து அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"யூனிஃபார்மைப் பார்த்துட்டு, அந்த நர்ஸ் இவதான்னு பஸ் ஸ்டாப்புல வச்சு அடிச்சாங்க. அதுல ஒருத்தன் போனைப் பார்த்து சத்தமா வாசிச்சான், கையை ஒடிச்சாத்தான் புத்தி வரும்னு. அப்புறந்தான் கையைப் பிடிச்சாங்க." நல்ல கையால் என் விரலைப் பற்றிக்கொண்டாள். "யாருண்ணே இப்படியெல்லாம் எழுதுறாங்க?"

என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. இன்னொரு பெருவிரல்.