வாவியில் எடுக்காத படம்

எழும்பி நின்று இரண்டு வசனம் சொல்லியிருக்கலாம்தானே, வாய் இல்லாத சென்மம். யசோதினி தன்னையே திட்டிக்கொண்டு நிறுவனப் பணிப்பாளரின் அறைக்குள் போனாள். ஏறாவூர்ப் பக்கம் வாவியில் வலை கட்டும் இடத்துக்காக நடந்த சண்டையை அவள்தான் அலைந்து அலைந்து தீர்த்துவைத்தாள். காலைக் கூட்டத்தில் அதை விளக்கியது, அவளுக்குக் கீழே வேலை செய்யும் ரதீஸ். பொய் சொல்லவில்லை. "நாங்க" என்றான், அவ்வளவுதான். அவளுக்குச் சொல்ல வேண்டியது தொண்டைவரை வந்தது. எல்லாரும் தேத்தண்ணிக்கு எழும்பிய பிறகுதான் வசனமாக அமைந்தது. எப்போதும் இதே கதை.

"இருங்க யசோ. கொழும்பில கேக்கிறாங்க, உங்கட இணைப்பாளர் வேலை செய்யிறாவா எண்டு. வட்சப் குறூப்பப் பாருங்க. ரதீஸ் தோணியில கால் வச்சாலே படம் வருது. நீங்க?"

"நான் போய்க்கொண்டுதான் இருந்தன் சேர்."

"அது ஆருக்குத் தெரியும்? வாவிக்குள்ள மீனுக்குத் தெரியும்."

அவர் சிரித்தார். அவளும் சிரித்தாள். ஏன் சிரித்தோம் என்று உடனே தன்மீதே எரிச்சல் வந்தது.

"ஒண்டு செய்வம். யோகராசாவையும் அசனாரையும் துறைக்குக் கூப்பிடுங்க. நம்மட நிறுவனப் பெனர் கட்டுவம். ரெண்டு பேரும் கைகுடுக்கட்டும், நடுவில நீங்க. ஒரு படம் போதும், உங்கட பதவிய நிரந்தரமாக்கிருவன். இல்லாட்டி ரதீசத்தான் போடவேண்டி வரும்."

சண்டை பிடித்த அந்த இரண்டு மீனவர்களும் ஒரு நாளும் நேருக்கு நேர் இருந்து பேசியதில்லை. யோகராசாவின் முற்றத்தில் அவர் கிழிந்த வலையைப் பொத்தி முடிக்கும் வரை அவள் பேசாமல் இருந்தாள். அவராகத்தான் வாய் திறந்தார். அசனாரின் வீட்டில் வெறுந்தேத்தண்ணி குடித்தபடி அவருடைய ஏச்சு முழுவதையும் கேட்டாள். கடைசியில் அவர் வலையைத் தள்ளிக் கட்டினார். யோகராசா இரவில் அந்தப் பக்கம் போவதை நிறுத்தினார். ஊரில் கேட்டவர்களிடம் இருவரும் ஒரே பொய்யைத்தான் சொன்னார்கள், இறால் இடம் மாறிவிட்டதாம்.

"நான் உட்டுக்குடுத்தன் எண்டு ஒருத்தன் சொன்னாலும் புள்ள, அடுத்த நாளே பழைய இடத்துலதான் கட்டுவன்," என்று அசனார் வாசல்வரை வந்து சொல்லியிருந்தார்.

இதைப் பணிப்பாளருக்கு விளக்க வேண்டும். எங்கிருந்து தொடங்குவது? சொற்கள் சிதறின. விளக்கினால் அவர்கள் விட்டுக்கொடுத்த கதையும் நாளை ஒரு அறிக்கையில் வரும்.

அவர் தன் தொலைபேசியில் அசனாரின் இலக்கத்தை எடுத்து, தொலைபேசியை மேசைக் கண்ணாடிமேல் அவள் பக்கம் தள்ளினார்.

"வெக்கப்படாதீங்க யசோ. நீங்க ஒண்டும் கதைக்கத் தேவல்ல. சும்மா நிண்டாப் போதும்."

வெட்கமாம். இனி என்ன செய்தாலும் இவருக்கு அது வெட்கம்தான்.

"கூப்பிடமாட்டன் சேர்."

"என்ன? கேக்கல்ல."

"கூப்பிடமாட்டன்."

இரண்டாம் தடவையும் அவள் குரல் உயரவில்லை. இருவருக்கும் நடுவில் கிடந்த தொலைபேசியை யாரும் தொடவில்லை. திரையின் வெளிச்சம் மங்கி, அசனாரின் பெயர் மெல்ல இருட்டுக்குள் போனது.