இருபத்தேழாவது பெட்டி

“இருபத்தேழாவது பெட்டியோட சீலை வெட்டுங்க மாஸ்டர். கதவைத் தொறந்து பாக்கணும்” என்றேன்.

யார்டு மாஸ்டர் பேனா மூடியால் காது குடைந்துகொண்டிருந்தார். குடைவதை நிறுத்தவில்லை. வாசலில் நின்றிருந்த அப்பாதான் காலை மாற்றி வைத்தார்.

நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாள் அப்பா சொன்ன ஒரே புத்தி இதுதான். “லீவு கேளு, பொம்பளைங்களுக்குத் தனி கக்கூஸ் கேளு, என்ன வேணா கேளு. சீல் வெச்ச வண்டியைத் தொறங்கன்னு மட்டும் யார்கிட்டயும் கேட்டுடாத.” லீவும் கக்கூஸும் கேட்டேன், கிடைக்கவில்லை. சீல் விஷயத்தில் மட்டும் ஒன்றரை வருடம் வாயை மூடிக்கொண்டு இருந்தேன். முத்திரை விழுந்துவிட்டால் உள்ளே இருக்கும் சரக்கு அனுப்பியவன் பொறுப்பு. வெட்டினால் வெட்டியவன் பொறுப்பு. அதனால் இங்கே யாரும் வெட்டுவதில்லை.

என் வேலை, கூட்ஸ் ரயிலின் பெட்டிகளை எண்ணுவது. எங்கள் வீட்டில் முதல் டிகிரி வாங்கியவள் கடைசியில் வண்டி எண்ணுகிறாளா என்று கேட்கும் சொந்தக்காரர்கள், நாற்பத்திரண்டு பெட்டிகளின் ஓரமாக ஒருமுறை வெயிலில் ஜல்லிமேல் நடந்துவிட்டு வந்து கேட்கட்டும். மேலே கூரையில்லாத பெட்டியில் நிலக்கரி வரும். அன்றைக்கு முழுக்க எனக்குச் சளி கறுப்பாக வரும். அடிவயிற்றில் கதவு வைத்த பெட்டியில் சரளைக்கல். சுவரே இல்லாத தட்டை வண்டியில் இரும்புச் சுருள். டேங்கரில் எண்ணெய் அல்லது அமிலம், எதுவென்று மேலேயே கொட்டை எழுத்தில் இருக்கும். இவையெல்லாம் ஒளிவுமறைவு தெரியாத ஜென்மங்கள். மூடிய பெட்டியைத்தான் நம்ப முடியாது. நாலு சுவர், ஒரு கூரை, பக்கத்துக்கு ஓர் இழுப்புக் கதவு. போன வாரம் சிமெண்ட், இந்த வாரம் சர்க்கரை, அடுத்த வாரம் உரம். எதைச் சுமந்தாலும் வெளியே ஒரே முகம்.

அந்த முகத்தில் மழைக்கும் அழியாத மெழுகுச் சாக்பீஸால் ஒரு டிக் இருந்தால் உள்ளே சுத்தம், சரக்கு ஏற்றலாம் என்று அர்த்தம். டிக் போடுவது அப்பா. பெருக்குகிறவர்களுக்கு அவர்தான் மேஸ்திரி. பெருக்கி, தண்ணீர் அடித்து, காய்ந்த பிறகு போட வேண்டியது. அப்பாவின் முட்டி ஒரு நாளைக்கு இரண்டு தடவை அந்தத் தூரத்தைத் தாங்காது. ஆகவே காலையில் வந்ததும் கோடியிலிருந்து கோடிவரை எல்லாப் பெட்டிக்கும் டிக் போட்டுவிட்டு உட்கார்ந்துவிடுவார். துடைப்பங்கள் டிக்குக்குப் பின்னால் மெதுவாகப் போய்ச் சேரும். பல வருடமாக இதுதான் நடைமுறை. எனக்கும் தெரியும்.

நேற்று நடுவில் மழை வந்துவிட்டது.

இன்று மதியம் பட்டியலை டைப் செய்துகொண்டிருந்தபோது இருபத்தேழாவது எண்ணில் விரல் நின்றது. செவ்வாய்க்கிழமை அந்தப் பெட்டியிலிருந்துதான் பூச்சிமருந்துத் தூள் டிரம்கள் இறங்கின. மூன்று டிரம் வாய் பிளந்து கிடந்தது என்று எழுதியவளே நான்தான். இப்போது அதற்குள் கோதுமை மாவு மூட்டைகள்.

பெருக்கும் அக்காவைத் தேடிப் போனேன். ஷெட் ஓரத்தில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தாள்.

“நேத்து எது வரைக்கும் கூட்டினீங்கக்கா?”

“இருபத்தாறு. அதுக்குள்ள வானம் பொத்துக்கிட்டு ஊத்துச்சு. மழை விட்டு வந்து பாத்தா லோடு ஏத்திக்கிட்டு இருக்கானுங்க.”

“தரையெல்லாம் தூள் கெடந்திருக்குமே?”

“கெடந்துச்சாம். வெள்ளையா இருந்துதாம். போன தடவை கொட்டின மாவுன்னு நெனச்சு மேலேயே அடுக்கிட்டானுங்க. உங்கப்பன் டிக்கு வேற குத்துக்கல்லாட்டம் நிக்குது. நான் என்னத்தைச் சொல்றது?”

அங்கிருந்து நேராக மாஸ்டரின் அறைக்குத்தான் வந்தேன்.

“ஆறு மணிக்கு வண்டி கெளம்பணும்மா” என்றார் மாஸ்டர். “பட்டியல்ல நீ கையெழுத்துப் போட்டா கெளம்பும்.”

“உள்ள விஷம் இருக்கு மாஸ்டர்.”

“நீ பாத்தியா?”

“அதைப் பாக்கத்தானே தொறங்கன்றேன்.”

“வெளியில டிக் இருக்கே. பெத்த அப்பன் போட்ட டிக்கையே நம்ப மாட்டியா?”

அப்பா உள்ளே வந்து குரலைத் தாழ்த்தினார். “பாப்பா, வீட்டுல போய்ப் பேசிக்கலாம் வா.”

“மாவு நம்ம வீட்டுக்காப்பா போகுது?”

மாஸ்டர் இழுப்பறையைத் திறந்து ஒரு சிவப்பு அட்டையை எடுத்து என் பக்கம் தள்ளினார். பழுதான பெட்டியில் ஒட்டுவது அது.

“எதுக்கு வீணா ரசாபாசம்? சக்கரத்து அச்சு சூடாயிருக்குன்னு எழுதி ஒட்டிடு. பெட்டியைக் கழட்டி ஓரமா விட்டுடலாம். வண்டியும் போகும், உங்கப்பாவும் தப்பிச்சுக்குவாரு, உன் மனசாட்சியும் தூங்கும்.”

அப்பாவின் முகத்தில் அப்போதுதான் உயிர் வந்தது. பொய் சொல்லமாட்டேன், எனக்கும் வந்தது. காலை ஆறு மணியிலிருந்து நின்ற கால். அட்டையை எடுத்து ‘அச்சு’ என்று எழுதியும்விட்டேன்.

“அப்ப மூட்டைங்க?” என்றேன்.

“என்ன மூட்டைங்க?”

“பெட்டிக்கு அச்சு போச்சுன்னா உள்ள இருக்கறதை வேற பெட்டிக்கு மாத்துவீங்கதானே?”

“பின்ன, தூக்கியா எறிவாங்க? நாளைக்கு வேற வண்டியில ஏத்தி அனுப்பிடுவோம். நல்ல பெட்டியாப் பாத்தே ஏத்தச் சொல்றேன், போதுமா?”

பேனாவைக் கீழே வைத்தேன்.

“பாப்பா,” அப்பா என் முழங்கையைப் பிடித்தார். “எனக்கு ரிட்டயர்டு ஆக இன்னும் ஏழே மாசம். நீ நெசத்தை எழுதினா என்னை வெளிய தள்ளிடுவாங்க, தெரியுமில்ல?”

“தெரியும்பா.”

“என்னைக் காட்டிக் கொடுக்கவா உன்னைப் படிக்க வெச்சேன்?”

“செவ்வாய்க்கிழமை நானே எழுதினதை இன்னிக்கி நானே படிச்சேன். படிக்காத மாதிரி இருக்க முடியலப்பா.”

“யாராவது சாவாங்கன்னு நிச்சயமா?”

“சாக மாட்டாங்கன்னு உங்களுக்கு நிச்சயமா?”

அவர் கை முழங்கையிலிருந்து நழுவியது. அவரைத் திட்ட வேண்டும் போல இருந்தது. அந்த முட்டியோடு இத்தனை வருடம் அவரை நடக்கவிட்டவர்களைத் திட்ட வேண்டும் போலவும் இருந்தது. இரண்டுக்கும் தெம்பு இல்லை.

அட்டையைக் கிழித்தேன். இழுப்பறையிலிருந்து நானே வேறொன்றை எடுத்தேன். மாஸ்டர் தடுக்கவில்லை. வேடிக்கை பார்க்கிறவர் போல நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

‘முன்பு ஏற்றியது பூச்சிமருந்து. பெட்டி கழுவப்படவில்லை. உள்ளே உள்ள மாவு உண்ணத் தகாது, வேறு பெட்டிக்கு மாற்றக்கூடாது.’

சுத்தம் என்று குறித்தவர் பெயர் கேட்கும் கட்டத்தில் அப்பாவின் பெயரை எழுதினேன். அந்த நாலெழுத்து எழுத அவ்வளவு நேரம் ஆகும் என்று நினைக்கவில்லை. அதற்குக் கீழே, பெருக்குமுன்பே குறியிடும் வழக்கம் தெரிந்தும் சொல்லாமல் இருந்தவள் என்று என் பெயரையும் பணியாளர் எண்ணையும் எழுதினேன்.

“இதை ஒட்டினா அப்பனும் மகளும் ஒண்ணா வீட்டுக்குப் போக வேண்டியதுதான்” என்றார் மாஸ்டர்.

“சரி மாஸ்டர்.”

பட்டியலைக் கையெழுத்துப் போடாமல் அவர் மேசையில் வைத்தேன். அப்பா வாசலை விட்டு நகரவில்லை. ஒருக்களித்துத்தான் அவரைத் தாண்ட முடிந்தது. அட்டையையும் பசை டப்பாவையும் இடுக்கிக்கொண்டு, என்ஜினிலிருந்து ஒன்று, இரண்டு என்று எண்ணியபடி ஜல்லியில் நடந்தேன்.