நகல் காரும் எடை குறைந்த கதையும்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன், இந்தக் கதை நானாக யோசித்தது இல்லை. என் வீட்டுக்காரரின் ஆசையை அவருக்குத் தெரியாமல் எடுத்துக்கொண்டேன். வீட்டிலேயே சரக்கு இருக்கும்போது வெளியே எதற்கு அலைய வேண்டும்?

அவர் எடையளவு ஆய்வாளராக இருந்து ஓய்வு பெற்றவர். கடைகடையாகப் போய்த் தராசும் எடைக்கல்லும் சரியாக இருக்கின்றனவா என்று பார்த்து முத்திரை குத்துகிற வேலை. அப்படிப்பட்ட மனிதருக்கு ஒரு கார் மேல் ஆசை வந்தது. அவர் பிறந்த காலத்தில் வந்த, கூரை இல்லாத, இரண்டே இருக்கை கொண்ட பந்தயக் கார். அதுவும் அசல் இல்லை. அசலெல்லாம் யாரோ கோடீஸ்வரர்களின் கொட்டகையில் பூட்டிக் கிடக்கிறது. இவர் கேட்டது அதன் நகல். வேறொரு பழைய காரின் அடிச்சட்டத்தையும் எஞ்சினையும் வைத்து, மேலே கண்ணாடியிழையில் அசலின் உடம்பை வார்த்து ஏற்றியிருப்பார்கள்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். அவருக்குக் கண் பார்வை போய்க்கொண்டிருக்கிறது. நேராகப் பார்த்தால் நடுவில் ஒரு மங்கல், அது மெல்லப் பெரிதாகிறது. "படிக்கிற அளவுக்குப் பார்வை இன்னும் ஒரு வருஷம் இருக்கலாம், முன்ன பின்ன ஆகலாம்" என்றார் கண் டாக்டர். கார் ஆசை அதற்கு அடுத்த வாரம் வந்தது. ஆகவே இந்தக் கதையில் ஒரே கேள்விதான். பார்வை இருக்கும்போதே அவர் அந்தக் காரில் போவாரா, மாட்டாரா?

2

தொடக்கம், முதல் முயற்சி:

செந்நிறக் கார் மலைப்பாதையில் சீறிப் பாய்ந்தபோது அவருடைய தலைமுடி காற்றில்

(நிறுத்திவிட்டேன். முடி எங்கே இருக்கிறது?)

இரண்டாம் முயற்சி:

ஆசைக்கு வயதில்லை என்பார்கள். ஆனால்

(இப்படித் தொடங்குகிற கதையை நானே படிக்க மாட்டேன்.)

மூன்றாம் முயற்சி:

அவருக்கு முட்டிவலி. இன்னும் ஒரு வருஷம்தான் கிளட்ச் மிதிக்க முடியும் என்று டாக்டர் சொல்லியிருந்தார்.

இதை அப்போது அடிக்கவில்லை. இதை வைத்து ஐந்து பக்கம் ஓட்டிவிட்டேன். கண்ணுக்குப் பதிலாக முட்டி. முட்டி என்றால் கை தானாக எழுதுகிறது. கண் என்று எழுத உட்கார்ந்தால் எழுந்து போய் அடுப்பைத் துடைக்கிறேன், ஏற்கனவே துடைத்த அடுப்பை.

3

கதையை விடுங்கள், அவர் செய்த ஆராய்ச்சியைச் சொல்கிறேன். காலையில் காப்பி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துவிடுவார். திரையில் எழுத்து வாராவாரம் பெரிதாகிக்கொண்டே போனது. முதலில் ஒரு பத்தி தெரிந்தது, பிறகு இரண்டு வரி, இப்போதெல்லாம் நான்கு வார்த்தை. பக்கத்து அறையிலிருந்து நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். இரண்டு பேரும் அதைப் பற்றிப் பேசவில்லை.

பட்டறைகளுக்குப் போன் போட்டு, ஸ்பீக்கரில் வைத்துக் கேட்பார். "அடிச்சட்டம் எந்த வருஷத்து வண்டியோடது? பதிவுல எந்த வருஷம்னு இருக்கு? உடம்பு வார்த்தது யாரு?" பெரும்பாலும் ஒரே பதில்தான் வரும். "சார், அசல் மாதிரியே இருக்கும். எவனாலயும் கண்டுபிடிக்க முடியாது." உடனே போனை வைத்துவிடுவார். "கண்டுபிடிக்க முடியாதுன்னு சொல்லி விக்கிறவன்கிட்ட வாங்குறதுக்கு நான் என்ன கேனையனா?"

எங்கள் மகள் வெளியூரில் இருக்கிறாள். போனில் சிரித்தாள். "ஏம்மா, காலமெல்லாம் டூப்ளிகேட் கல்லைப் பிடிச்சவரு, கடைசில டூப்ளிகேட் கார் வாங்கப் போறாரா?"

அவர் போனை என்னிடமிருந்து வாங்கிக்கொண்டார். "நல்லாக் கேட்டுக்கோ. கடையில இருக்கிற ஒவ்வொரு கிலோ கல்லும் நகல்தான். எங்க ஆபீஸ் கல்லுக்கு நகல். எங்க கல்லு மேலாபீஸ் கல்லுக்கு நகல். மூலக் கல்லு எங்கயோ கண்ணாடிக் கூண்டுக்குள்ள பத்திரமா இருக்கும். அதை வச்சு யாராவது வெங்காயம் நிறுத்திருக்காங்களா? நகலை வச்சுத்தான் ஊர் உலகமே சாப்பிடுது. நகலா இருக்கிறது தப்பே இல்ல. நகல்னு சொல்லாம விக்கிறதுதான் தப்பு."*

* முப்பது வருஷமாக எழுதுகிறேன், எனக்கு இப்படி ஒரு வரி வந்ததில்லை. வயிற்றெரிச்சலோடு அதை எடுத்து முட்டிவலிக்காரர் வாயில் வைத்தேன்.

கடைசியில் ஒரு பட்டறைக்காரர் பிடித்துப்போனார். "அசல் கம்பெனியோட பேர் போட்ட பேட்ஜை நான் வண்டி மூக்குல ஒட்டித் தர மாட்டேன் சார்" என்றார் அவர். "தனியா ஒரு கவர்ல போட்டுக் குடுப்பேன். எல்லாருக்கும் அப்படித்தான். ஒட்டுறதும் ஒட்டாததும் அவங்கவங்க மனசாட்சி." என் வீட்டுக்காரர் ஸ்பீக்கரைப் பார்த்துத் தலையை ஆட்டினார். பெண் பார்க்கப் போன இடத்தில் பெண்ணின் அப்பாவைப் பிடித்துப்போன மாதிரி ஒரு திருப்தி.

4

இங்கே கதை மாட்டிக்கொண்டது. நான் பிரிண்டரில் விட்டுவந்த ஐந்து பக்கத்தை அவர் எடுத்துப் படித்துவிட்டார். லென்ஸைத் தாளுக்கு மேல் பிடித்து, தலையை ஒருக்களித்து, ஒரு காலைப்பொழுது முழுக்கப் படித்திருக்கிறார்.

"யாரு இந்த முட்டிவலிக்காரன்?"

"கதைல வர்ற ஒருத்தர்."

"கார் என்னோடது. கல்லு என்னோடது. டாக்டரு சொன்ன ஒரு வருஷமும் என்னோடது. முட்டி மட்டும் யாரோடது?"

கற்பனை, கலை, தூரம் என்றெல்லாம் மேடையில் பேசுவேன். வீட்டில் அதெல்லாம் எடுபடாது.

"தராசுத் தட்டுக்கு அடியில காந்தம் ஒட்டி வச்சிருப்பான் பாரு, அந்தக் கடைக்காரன் வேலை இது. பார்வைக்கு முள் நேரா நிக்கும். பையைத் தூக்கினா எடை குறையும். ஏன் இப்படிப் பண்ணின?"

"எனக்குப் பயமா இருக்குங்க."

"எனக்கு மட்டும் இல்லையா? முட்டின்னு எழுதிட்டா கண்ணு சரியாயிடுமா?"

அழுகையும் வந்தது, கோபமும் வந்தது. ஐந்து பக்கமும் போச்சே என்ற வருத்தமும் கூடவே இருந்தது. எழுதுகிறவர்கள் அவ்வளவு நல்லவர்கள் இல்லை. அன்றைக்கே மூன்றாம் தொடக்கத்தையும் அடித்தேன். நீங்கள் இப்போது படித்துக்கொண்டிருப்பது அதற்குப் பிறகு எழுதியது.

5

பட்டறைக்குப் போனோம். நான்தான் எங்கள் சின்னக் காரை ஓட்டினேன். அது கியர் போட வேண்டாத வண்டி, நானும் கடைத்தெரு தாண்டாத ஓட்டுநர்.

தகரக் கூரை, பெயின்ட் வாசனை, சுவரோரம் எருமைக் கன்றுகள் படுத்திருக்கிற மாதிரி வார்ப்பு அச்சுகள். நடுவில் கார் நின்றது. (இங்கே ஒரு பத்தி வர்ணனை இருந்தது. எடுத்துவிட்டேன். அழகாக இருந்தது, கரும்பச்சை நிறம், போதும்.) அவர் அதை நேராகப் பார்க்கவில்லை. முகத்தைத் திருப்பி, கண்ணின் ஓரத்தால் பார்த்தார். கையால் மூக்கிலிருந்து வால்வரை தடவிக்கொண்டே போனார்.

ஸ்டியரிங் பின்னால் அவரை உட்காரவைத்துப் படம் எடுக்கலாம் என்று நான் போனைத் தயாராகப் பிடித்துக்கொண்டு நின்றேன். அவர் சுற்றிவந்து பக்கத்து சீட்டுக் கதவைத் திறந்தார். காலை மடக்கி உள்ளே இறங்கி உட்கார்ந்துகொண்டார்.

"அது ஓட்டுற சீட்டு இல்லைங்க" என்றேன்.

பட்டறைக்காரர் விழித்தார். "மேடம்தானே ஓட்டப் போறீங்க? சார் கால் அளவு குடுத்தாரு. உங்களுக்காகத்தான் பெடலை சீட்டுப் பக்கமா தள்ளி வச்சிருக்கேன்."

"என் கால் அளவா? எப்ப எடுத்தீங்க?"

"நீ சோபாவுல உட்கார்ந்து எழுதிக்கிட்டிருந்தப்ப. டேப் போட்டது கூடத் தெரியல உனக்கு. எழுத ஆரம்பிச்சா இடி விழுந்தாலும் தெரியாதே."

பட்டறைக்காரர் நாகரிகமானவர், டீ சொல்லப் போய்விட்டார். நான் கத்தினேன். "என்னைக் கேட்டீங்களா? உங்க ஆசைக்குத்தானே இவ்வளவு தூரம் வந்தேன்? ஓட்டுற ஆசை உங்களுக்கு, ஓட்டுற வேலை எனக்கா?"

"ஓட்டுற ஆசைன்னு நான் எப்பச் சொன்னேன்? நீயா எழுதிக்கிட்டே."

யோசித்துப் பார்த்தேன். சொல்லவே இல்லை. கார் வாங்கணும் என்றார், அதில் போகணும் என்றார். ஓட்டுவது என்பது என் கதையிலிருந்து வந்தது.

"நான் வண்டி ஓட்டுறதை விட்டு ரெண்டு மாசம் ஆச்சு" என்றார். "ஒரு நாள் ஒரு சைக்கிள்காரன். இடிக்கல. ஆனா நான் அவனைப் பார்க்கவே இல்ல. அவன் கத்தினதும்தான் தெரிஞ்சது. வீட்டுக்கு வந்து சாவியை ஆணியில மாட்டினேன், அதோட சரி. உன்கிட்ட சொல்ல வாய் வரல."

நான் போனைப் பையில் போட்டேன்.

"இங்க பாரு. எனக்கு நேரா பார்த்தாத்தான் மங்கல். ஓரம் இன்னும் நல்லாத் தெரியுது. ஓட்டுறவனுக்கு நேர் வேணும். ஓரத்தை வேடிக்கை பாக்குறவனுக்குப் பக்கத்து சீட்டு போதும். கூரை வேற கிடையாது. மரம், வீடு, கம்பி மேல காக்கா, எல்லாம் பாத்துக்கிட்டே போகலாம். அதுக்குத்தான் இந்த வண்டி."

ஏறினேன். கிளட்ச் எனக்கு மறந்தே போயிருந்தது. வண்டி குதித்து நின்றது. மறுபடியும் குதித்து நின்றது. மூன்றாம் தடவை பட்டறை முற்றத்தைச் சுற்றி ஒரு வட்டம், மாட்டுவண்டி வேகத்தில். அவர் கையைக் கதவுக்கு வெளியே தொங்கவிட்டு, தகரச் சுவரைக் கூட வேடிக்கை பார்த்துக்கொண்டு வந்தார்.

6

முடிவுகள்.

(அ) வாங்கிவிட்டோம். மலைப்பாதை

(அந்த மலையை ஒழித்துக்கட்டாமல் விட மாட்டேன்.)

(ஆ) வாங்கவில்லை. ஒரு வட்டம் ஓட்டிவிட்டு, நான் முடியாது என்றுவிட்டேன். அவர் சரி என்றார். அந்தச் சரியோடு நான் மீதிக் காலத்தை ஓட்ட வேண்டும். நடக்கக்கூடியதுதான். எழுதப் பிடிக்கவில்லை.

(இ) யோசிக்கிறோம் என்று பட்டறைக்காரரிடம் சொல்லிவிட்டு வந்தோம். இது உண்மை. ஆனால் இது முடிவு இல்லை.

இதை இப்படியே இழுத்துக்கொண்டிருந்தேன். வரிகளை மாற்றினேன், திரும்பவும் மாற்றினேன். அவர் வந்து நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"முடிச்சாச்சா?"

"இல்ல. முடிவைப் படிக்கிறவங்ககிட்டயே விட்டுடலாம்னு இருக்கேன். இந்த மாதிரிக் கதைல அப்படிப் பண்றது உண்டு."

"படிக்கிறவங்க பத்து வருஷம் கழிச்சுக்கூடப் படிப்பாங்க. எனக்கு அவ்வளவு நேரம் கிடையாது. நீ வாசிச்சுக் காட்டிக் கேட்டுக்க எனக்கு இஷ்டமில்ல. நான் என் கண்ணால படிக்கணும். சீக்கிரம் எழுது."

நான் ஏன் முடிக்காமல் இருந்தேன் என்று அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. கதை முடியாதவரை கண்ணும் போகாது என்று கிறுக்குத்தனமாக நம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். என்னை மாதிரிப் பைத்தியம் உண்டா?

7

எழுதிவிட்டேன். இருப்பதிலேயே பெரிய எழுத்தில், தடித்த மையில் அச்செடுத்தேன். ஒரு தாளுக்கு ஆறு ஏழு வார்த்தைதான் பிடித்தது. கட்டாகக் கொண்டுபோய் உள்ளே மேசைமேல் வைத்துவிட்டு வந்து இதை எழுதுகிறேன். அவர் படித்துக்கொண்டிருக்கிறார். தாள் புரளுகிற சத்தம் மெதுவாக வருகிறது.

அந்த முடிவை உங்களுக்குக் காட்டப் போவதில்லை. கோபித்துக்கொள்ளாதீர்கள். உங்களுக்கு நல்ல கண் இருக்கிறது, நேரமும் இருக்கிறது. (அ), (ஆ), (இ) இருக்கிறது, பிடித்ததை எடுத்துக்கொள்ளுங்கள். மலை வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

தாள் சத்தம் நின்றுவிட்டது. நாற்காலி நகர்கிறது.

இதோ வந்துவிட்டார். செருப்பை மாட்டிக்கொண்டு வாசலில் நிற்கிறார். "எடை சரியா இருக்கு" என்கிறார். "வெயில் ஏறுறதுக்குள்ள பட்டறைக்குக் கிளம்பு, வா."

நான் எழுந்துகொள்ள வேண்டும்.